வேம்பயர் படங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வெயில் பட்டால் வேம்பயர், அதாவது ரத்தக்காட்டேரி, செத்துவிடும் என்பது எங்கிருந்து வந்தது?

சினிமாவிலிருந்துதான். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நிற்பார். பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான். 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தில்தான் ஓர்லாக் பிரபு என்ற வேம்பயர் விடியல் வெளிச்சம் பட்டு மறைந்துபோகிறார். ஸ்டோக்கரின் நாவலை உரிமை வாங்காமல் எடுத்த படம் என்பதால் அவர் மனைவி வழக்குப் போட்டார், பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வந்தது. தப்பித்த சில பிரதிகளால்தான் நாம் இன்று அதைப் பார்க்கிறோம். தயவுசெய்து, 'மூலக்கதையில் அப்படி' என்று சொல்வதற்கு முன் நாவலைப் படித்துவிடுங்கள்.

பழைய டிராகுலாவுக்குக் கோரைப்பல் உண்டா?

1931இல் பேலா லுகோசி நடித்த படத்தில் காட்டவே இல்லை. 1958இல் கிறிஸ்டோபர் லீ வந்தபோது பல்லும் இருந்தது, வண்ணத்தில் ரத்தமும் இருந்தது.

'ட்வைலைட்'டில் வெயிலில் மின்னுகிறார்களே, அது தப்புதானே?

தப்பில்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

சாகாத வாழ்க்கை வரம்தானே? ஏன் எல்லாப் படத்திலும் சோகமாகவே இருக்கிறார்கள்?

இதற்காகத்தான் நான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். நல்ல வேம்பயர் படம் எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள்: இன்றைக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார்கள்? ஜிம் ஜார்முஷின் 'ஒன்லி லவர்ஸ் லெஃப்ட் அலைவ்' (2013) படத்தில் டெட்ராய்ட்டில் இருக்கும் ஆதாம் என்ற வேம்பயர் மருத்துவமனையில் ஒருவருக்குப் பணம் கொடுத்து ரத்தம் வாங்குகிறான். கெட்டுப்போன ரத்தத்தைக் குடித்துவிடுவோமோ என்ற பயம் அங்கே எல்லோருக்கும் உண்டு. நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்களுக்கும் அன்றாடப் பாடு தீரவில்லை. 'இன்டர்வியூ வித் த வேம்பயர்' (1994) படத்தில் சிறுமி கிளாடியா ஆத்திரத்தில் தலைமுடியை வெட்டி எறிவாள், அது உடனே பழையபடி வளர்ந்து நிற்கும். மனசு பெரியவளாகிவிட்டது, உடம்பு வளரவே மாட்டேன் என்கிறது. அந்த ஒரு காட்சிக்கு முன்னால் எந்தக் கோட்டையும் சவப்பெட்டியும் எனக்குப் பெரிதில்லை.

அப்படியென்றால் ஸ்வீடன் படத்து ஏலி? அவள் ஆஸ்கரை நேசிக்கவில்லை, அடுத்த வேலைக்காரனைத் தேடுகிறாள்.

'லெட் த ரைட் ஒன் இன்' (2008). ஸ்டாக்ஹோம் புறநகரில், பள்ளியில் அடிவாங்கும் சிறுவன் ஆஸ்கர். பக்கத்து வீட்டுக்கு வரும் ஏலிக்கு ரத்தம் தேடித் தருபவர் ஹோகன் என்ற வயதானவர். உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. அழைக்காத வீட்டுக்குள் நுழைந்தால் வேம்பயருக்கு உயிராபத்து; ஆஸ்கர் 'உள்ளே வா' என்று சொல்ல மறுக்கும்போதும் அவள் வாசலைத் தாண்டி வருகிறாள், உடம்பெங்கும் ரத்தம் கசிகிறது. ஆள் பிடிக்க வந்தவள் தன் உயிரை இப்படி அவன் கையில் கொடுப்பாளா?

கொடுப்பாள், அதுதான் அவனை வசப்படுத்தும் வழி. ஹோகனும் ஒரு காலத்தில் ஆஸ்கர் போலச் சிறுவனாக இருந்திருக்க வேண்டும்.

2010 அமெரிக்க மறு ஆக்கம் உங்கள் பக்கம்தான். அதில் அந்தப் பெண்ணும் சிறுவனாக இருந்த அவள் காவலரும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படமே காட்டப்படுகிறது. ஸ்வீடன் படம் அப்படி எதையும் காட்டவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மருத்துவமனை ஜன்னலில் ஹோகன் ஏலிக்குத் தன் கழுத்தையே நீட்டும் இடத்தில் உங்கள் வாதம் என்னையும் அசைக்கிறது.

வெயில் பட்டால் ஏன் எரிகிறார்கள்?

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். முதல் பதில்.

நிஜத்தில் ரத்தக்காட்டேரி உண்டா?

நான் சினிமா மட்டும்தான் பேசுவேன்.

ஏலி படத்தை டப்பிங்கில் பார்க்கலாமா?

வேண்டாம். ஸ்வீடிஷ் ஒலியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். ஏலியின் அந்தத் தாழ்ந்த குரல் போனால் பாதிப் படம் போய்விடும். கடைசி ரயில் காட்சி வரும்போது எழுந்துவிடாதீர்கள். பெட்டிக்குள் ஏலி, வெளியே ஆஸ்கர், இருவரும் பெட்டியைத் தட்டி மோர்ஸ் சங்கேதத்தில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த ஊரில் ரத்தம் கொண்டுவரப் போவது யார் என்பதை அப்போது அந்தப் பையன் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.