பெரியம்மாவின் பெட்டியில் ஒரு ஞானஸ்நானச் சட்டை

அன்புள்ள அம்மா,

அண்மையில் காலமான என் பெரியம்மாவின் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு குழந்தைச் சட்டை என் கைக்கு வந்திருக்கிறது. மெல்லிய வெள்ளை மல் துணி, முப்பது அங்குல நீளம், கழுத்திலும் கீழ்விளிம்பிலும் ரேந்தை, அதாவது லேஸ். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தன்று இதைத்தான் அணிவித்தார்களாம். ஒரு மிஷனரி அம்மாள் லண்டனிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது என்பது வீட்டுப் பேச்சு. இது கைவேலைதானா? எவ்வளவு பழையது? மஞ்சளித்திருப்பதால் வெளுக்கக் கொடுக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, மார்த்தாண்டம்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு அதிகம் பயன்பட்டது, அழகாக இல்லை என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அனுப்பிய உட்புறப் படம்தான்.

முதலில் ரேந்தை. பெரிதாக்கிப் பார்த்தால் பூவிதழ்களின் அடர்ந்த பகுதி, நூல்கள் மேலும் கீழுமாக ஊடோடிச் சிறு துணி நெய்ததைப் போலத் தெரிகிறது. கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா வேலையாக இருந்தால் அங்கே கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். எனவே இது திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. ஆனால் இந்தப் பின்னலை அச்சாகப் பின்னும் இயந்திரங்களும் உண்டு; ஜெர்மனியின் பார்மென் நகரத்தின் பெயராலேயே அழைக்கப்படும் ஒன்று நல்ல கண்ணையும் ஏமாற்றிவிடும். இயந்திரத்தின் பிழை ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். உங்கள் ரேந்தையில் ஓர் இதழில் ஒரு முறுக்கு விடுபட்டிருக்கிறது, அடுத்த ஆறு இதழ்களில் அந்தத் தவறு இல்லை, பிறகு வேறோர் இடத்தில் வேறொரு தவறு. இதைக் கைவேலை என்று சொல்லத் தயக்கமில்லை.

லண்டன் கதையை மட்டும் சற்று மாற்றிக் கேட்கத் தோன்றுகிறது. லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டுடன் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த அவர் மனைவி மார்த்தா மால்ட், அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தத் தொழிலும் அங்கே சென்றது. நாகர்கோவில் அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு. ‘லண்டன் மிஷன் ரேந்தை’ என்பது இரண்டு தலைமுறை வாய்களில் ‘லண்டன் ரேந்தை’ ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். மார்த்தாண்டத்து வீட்டுக்கு இந்த ரேந்தை கடல் தாண்டி வந்திருக்கவேண்டிய அவசியமில்லை.

வயதுக்கு வருகிறேன். பக்கவாட்டுத் தையல் இரண்டு புறமும் ஒன்றுபோல, அளந்து வைத்ததைப் போல ஓடுகிறது. அது மெஷின் தையல். மார்பில் உள்ள டக்குகள் என்னும் நுண்ணிய மடிப்புகளோ கையால் பிடித்தவை. இதை வைத்து இரண்டு காலம் என்று சொல்லிவிட முடியாது. நீளத் தையலுக்கு மெஷினும் நுண்வேலைக்குக் கையும் என்று ஒரே உடையில் இரண்டையும் பயன்படுத்துவது வழக்கம்தான். ஆனால் ரேந்தையின் மேல்விளிம்பில், இப்போதைய தையலுக்குப் பொருந்தாத பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. துணி நைந்துபோன பிறகும் ரேந்தை உழைக்கும். அதைப் பிரித்து அடுத்த சட்டைக்கு வைப்பார்கள். முதுகில் பிரஸ் பட்டன்களுக்கு அடியில் அறுத்தெடுத்த நாடாவின் அடித்துண்டுகள் இருப்பதையும் கவனியுங்கள். ஆக, நாடா வைத்து முடிந்த சட்டை பிறகு பட்டனுக்கு மாறியிருக்கிறது. அதன் ரேந்தையோ அந்தச் சட்டையைவிடவும் மூத்தது. உடை முழுவதற்கும் ஒரே ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் சொல்லமாட்டேன்.

வெளுக்கக் கொடுக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் மஞ்சளோடு நூலின் வலுவையும் எடுத்துவிடும். துவைத்தே ஆகவேண்டுமானால் ஒரு கொசுவலைத் துண்டின்மேல் பரப்பி, வடிகட்டிய தண்ணீரில் ஊறவைத்து, வலையோடு சேர்த்துத் தூக்குங்கள். நனைந்த துணியின் கனத்தை ரேந்தை தாங்காது. கஞ்சி போடவேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பாலித்தீன் பையும் கூடாது. பலமுறை துவைத்த பழைய வேட்டித்துண்டில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை இடம் மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை துணியில் நேராகப் படக்கூடாது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சட்டை அணிந்த குழந்தைகளின் பழைய படம் உறவினர் எவரிடமேனும் இருந்தால் அனுப்புங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஞானஸ்நான அங்கிகள் குழந்தையின் காலுக்குக் கீழே வெகுதூரம் தொங்கும். உங்களுடையதில் கீழ்விளிம்புக்கு மேல் ஒரு பழைய மடிப்பின் வரி மங்கலாகத் தெரிகிறது. எந்தக் குழந்தைக்காக இதைக் குட்டையாக்கினார்கள் என்பதைப் படத்தில் உள்ள நீளம் காட்டிவிடும். அந்தக் குழந்தையின் ஞானஸ்நானத் தேதி உங்கள் சபைப் பதிவேட்டில் இருக்கும்.