சினத்தின் பேரேடு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். தாத்தா காலத்துத் தொழில். எனக்கு வயது 52. சிறு வயதிலிருந்தே முன்கோபி என்று பெயர் வாங்கியவன். அதை விட்டொழிக்க வேண்டும் என்றுதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்து நாள் விபாசனா தியான முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். அன்றிலிருந்து காலையிலும் இரவிலும் தவறாமல் உட்காருகிறேன். கூடவே ஒரு நோட்டுப் போட்டு, கோபப்பட்ட நாள்களைக் குறித்து வருகிறேன். முகாம் முடிந்து வந்த முதல் மாதத்தில் 9 நாள்கள். சென்ற மாதம் 23 நாள்கள். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிட்டால், அன்றைய கோபங்களை எண்ணிக்கொண்டே விடிந்துவிடுகிறது.

சென்ற வாரம் எடை போட்டபோது 2 கிராம் குறைந்தது. பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகிற பையனை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன். மாலையில் பார்த்தால் அந்தக் கம்பித் துண்டு தராசுக்கு அடியில் கிடக்கிறது. பையன் மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அன்றைய தேதிக்கு நேரே நோட்டில் இரட்டைக் கோடு போட்டேன். "கண்ண மூடி உக்காந்து என்னத்தக் கண்டீங்க?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

தியானம் கோபத்தைக் கூட்டுமா? தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஏற்காட்டில் சிறிய வீடாகப் பார்த்துக்கொண்டு வந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். நீங்கள் அங்கேயே இருப்பவர் என்பதால் கேட்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மலைக்கு வந்தால் கோபம் குறையும் என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்து வெயில் அவ்வளவு தூரம் ஏறி வருவதில்லை. ஆனால் கோபம் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நம்மோடு வண்டியில் உட்கார்ந்தபடியே கடந்து வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு வளைவில் நின்று பாருங்கள். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை வழக்கத்தை விளக்குவதற்காக இரண்டு பேர் காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். தொழிலை மகனிடம் கொடுப்பதை உங்கள் வயதையும் வரவு செலவையும் பார்த்து முடிவு செய்யுங்கள், கோபத்தைப் பார்த்து வேண்டாம்.

அடுத்தது தூக்கம். இரண்டு மணி விழிப்பு வாரக்கணக்கில் தொடர்ந்தால், அதை ஆன்மிக அனுபவமாகவோ வளர்ச்சிக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். தியானம் எல்லோருக்கும் எப்போதும் இதத்தை மட்டுமே தரும் என்பது விளம்பரப் பேச்சு. பயிற்சியை ஒட்டி அச்சமும் தூக்கக் குலைவும் வந்ததாகத் தியானம் செய்பவர்களே சொன்னவற்றை, அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை இரவு அமர்வை நிறுத்தி வைப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

இனி நோட்டு. 9 என்பது 23 ஆகிவிட்டது என்கிறீர்கள். முதல் மாதத்தில் எதைக் கோபம் என்று குறித்தீர்கள், சென்ற மாதம் எதைக் குறித்தீர்கள் என்று இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று கத்தினால்தான் கோபம். இன்று சோற்றில் உப்பு கூடியதற்காக உள்ளே ஒரு சுளிப்பு எழுந்தாலும் அது கணக்கில் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். அரிசி மண்டித் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தவர் மில்லிகிராம் காட்டும் தராசுக்கு மாறியிருக்கிறீர்கள். சரக்கு கூடிவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. இது ஆறுதலுக்காகச் சொல்வதும் இல்லை. பையனைத் திட்டியது எந்தத் தராசில் போட்டாலும் கோபம்தான்.

நீங்கள் போய்வந்த முறையை இந்தியாவில் 1969 முதல் கற்பித்தவர் சத்ய நாராயண கோயங்கா. பர்மாவில் வாழ்ந்த வணிகரான அவருக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி இருந்தது. அது தீர வழி தேடி 1955இல் ஆசிரியர் உ பா கின்னிடம் சென்றபோது, தலைவலிக்காக மட்டும் வருவதென்றால் வர வேண்டாம் என்று ஆசிரியர் மறுத்துவிட்டார் என்பதைக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார். நோய் தீர்வது பக்கவிளைவாக நேரலாம், அதையே குறியாக வைத்து உட்கார்ந்தால் மனம் நோயை விட்டு நகராது என்பது ஆசிரியரின் கருத்து. உங்கள் தலைவலி கோபம். உட்காரும் ஒவ்வொரு வேளையும் அது போய்விட்டதா என்று எட்டிப் பார்க்கிறீர்கள்.

அந்த முறைக்கு மூலமான சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் பாலி மொழிப் பேருரையில் மனத்தைப் பார்ப்பது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. சினம் உள்ள மனத்தைச் சினம் உள்ள மனம் என்று அறிகிறான் என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே சினம் இல்லாத மனத்தைச் சினம் இல்லாத மனம் என்று அறிகிறான் என்றும் அது சொல்கிறது. இரண்டாவது பாதியை நானும் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டவன்தான். ஆத்தூருக்குக் கிழக்கே, தலைவாசலை அடுத்த தியாகனூரில் வயல்களுக்கிடையே ஆளுயரத்துக்கும் மேலான புத்தர் சிலை ஒன்று அமர்ந்திருக்கிறது. நம் மாவட்டக்காரர்கள் பலர் பார்த்ததில்லை. அதன் முன்னால் ஒரு மதியம் உட்கார்ந்திருந்தபோதுதான், கோபம் இல்லாமல் எத்தனை மணி நேரம் இருந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது என்று உறைத்தது. உங்கள் நோட்டிலும் அதற்குப் பத்தி இல்லை. கம்பி இழுப்பதையும் மெருகேற்றுவதையும் பார்த்தபடி பட்டறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் முற்பகல்கள் எந்தப் பக்கத்திலும் வரவாக ஏறவில்லை.

எழுதிப் பார்ப்பதே தவறு என்று சொல்லவில்லை. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று அகத்தாய்வைத் தனித்தனிப் பயிற்சிகளாகவே வகுத்தார். காகிதமும் பேனாவும் அதில் உண்டு. ஆனால் ஆராய்வது வேறு, குற்றப்பத்திரிகை எழுதுவது வேறு. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் "ஏதிலார் குற்றம்போல் தங்குற்றங் காண்கிற்பின்" என்று தொடங்குகிறது. பிறர் குற்றத்தைப் பார்க்கும் அதே கண்டிப்போடு தன் குற்றத்தையும் பார் என்றே பெரும்பாலும் பொருள் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்றும் கேட்கிறது. ஏதிலார் என்றால் நமக்கு உறவு இல்லாதவர், அயலார். பேருந்தில் முன் இருக்கையில் யாரோ நடத்துநரிடம் கத்துகிறார் என்றால் நமக்கு வெட்கமும் வருவதில்லை, சாக்குச் சொல்லவும் தோன்றுவதில்லை. அவர் கழுத்து நரம்பு புடைப்பது வரை தெளிவாகத் தெரிகிறது. தன் கோபத்தை அவ்வளவு அயலாகப் பார்க்க முடிந்தால் அதுவே பெரிது. நீங்களோ அதை மேஸ்திரியின் கண்ணால் பார்க்கிறீர்கள். அந்த மேஸ்திரிக்கும் கோபம் வருகிறது, உங்கள் மேல். 23இல் எத்தனை அவருடையவை என்று யார் கண்டார்?

என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவுக்கு 84 வயது. மூன்று ஆண்டுகளாக நினைவு நழுவிக்கொண்டிருக்கிறது. மாலை நாலரை மணிக்குமேல் "பால்காரன் வந்துட்டானா?" என்று கேட்கத் தொடங்குவார். வந்துவிட்டான் அம்மா என்பேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே குரலில். ஏழாவது, எட்டாவது முறையில் எனக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் உற்றுப் பார்த்தேன். அவர் வாய் திறப்பதற்கு முன்பே, நாற்காலியில் அசைகிற ஓசையிலேயே, என் நாக்கு மேலண்ணத்தில் போய் அழுந்திக்கொள்கிறது. பிறகு காதுமடல் சூடாகிறது. பிறகு "வேண்டுமென்றே கேட்கிறார்" என்று ஒரு வாக்கியம் உள்ளே எழுகிறது. அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கத்துவதற்கு அப்படி ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. இத்தனையையும் வரிசையாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கத்தினேன். "ஏஞ்சாமி கத்தற?" என்றார் அம்மா.

பார்த்தால் போதும், உடனே கரைந்துவிடும் என்று சொல்கிறவர்களை அன்றோடு நம்புவதை விட்டேன். நடந்தது அதைவிடச் சிறிய மாற்றம், அதற்கும் மாதங்கள் ஆயின. அந்த வாக்கியம் வரும்போது, இது வழக்கமாக வருகிற ஆள்தான் என்று அடையாளம் தெரியத் தொடங்கியது. அது பிடிபட்டுவிட்ட நாள்களில் காதுமடல் சூடு மட்டும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தணிந்துவிடுகிறது. பிடிபடாத நாள்களும் உண்டு. சென்ற செவ்வாய்க்கிழமைகூடக் கத்தினேன்.

உங்களிடம் கேட்க வேண்டியதும் இதுதான். தராசில் 2 கிராம் குறைந்ததும் உங்களுக்குள் எழுந்த வாக்கியம் எது? பட்டறையைக் கூட்டிய மண்ணிலிருந்தும் வெள்ளியைப் பிரித்தெடுக்கிற தொழில் உங்களுடையது. சேதாரத்தைப் பற்றிய சந்தேகம் அங்கே பட்டறையோடு சேர்ந்தே பிறந்தது. "இவனுங்க எல்லாம் இப்படித்தான்" என்று உங்கள் தாத்தா சொன்ன வாக்கியமாகக்கூட அது இருக்கலாம். அதை முழுதாக, சொல் மாறாமல், ஒரு முறை நோட்டில் எழுதுங்கள். தேதியும் வேண்டாம், கோடும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பித் துண்டு கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், பையன் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அன்றைய தேதிக்கு இரட்டைக் கோடு போட்டதைக்கூட எழுதியிருக்கிறீர்கள். பையனிடம் என்ன சொன்னீர்கள் என்பது மட்டும் இல்லை. கடன் அவனிடம் பட்டது, நீங்கள் அதை நோட்டில் செலுத்திவிட்டு இரவு இரண்டு மணிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால், துண்டு தராசுக்கு அடியில்தான் கிடந்தது, தப்பு என்னுடையது என்பதையும் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தியானம், மனம் என்றெல்லாம் அவனிடம் விளக்க வேண்டாம். வராமல் இருந்த நாள்களின் கூலியைப் பிடிக்காதீர்கள்.

அவன் திரும்பி வந்துவிட்டானா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து.