கவுன்சலர் யார் பக்கம்?

கேள்வி: எனக்கு 39 வயது. கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், மாமியாருடன் ஈரோட்டில் இருக்கிறேன். நானும் கணவரும் முகம் பார்த்துப் பேசிப் பல மாதங்கள் ஆகின்றன. மகன் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கத் தொடங்கியதும் ஒரு குடும்பநல ஆலோசகரைப் பார்த்தோம். முதலில் என்னிடம் மட்டும் பேசினார். அடுத்த முறை மூன்று பேரும் போனபோது, எங்கள் நடுவில் உட்கார்ந்திருந்த மகனை எழுப்பி ஓரத்து நாற்காலிக்கு மாற்றினார். கணவர் செய்யும் தவறுகளைப் பற்றி அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது மாமியாரையும் அழைத்து வரச் சொல்கிறார். கணவரோ, “எனக்கென்ன பைத்தியமா, இனி வரமாட்டேன்” என்கிறார். தம்பிக்காக நகையை அடகு வைத்ததை ஆலோசகரிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன். அது கணவர் காதுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தொடர்ந்து போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நகையை முதலில் பேசிவிடலாம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தோன்றுகிறது. மனநலச் சிகிச்சையில் சொல்லப்படுவது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. யாருடைய உயிருக்காவது ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. அடகு நகை அதில் வராது.

ஆனால் குடும்பமாகப் போகும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. தனியாகக் கேட்டதைத் தனியாகவே வைத்துக்கொள்ளும் ஆலோசகர்களும் உண்டு, “இருவரையும் பாதிக்கும் ரகசியத்தை நான் சுமக்கமாட்டேன், நீங்களே சொல்வதற்கு உதவுகிறேன்” என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. எந்த வகையானாலும் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். உங்கள் ஆலோசகர் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த முறை போவதற்கு முன் போன் செய்து நேராகவே கேளுங்கள். தப்பாக நினைக்கமாட்டார்.

அடுத்தது நாற்காலி. உங்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு நடந்த முக்கியமான வேலையே அதுதான் என்பேன். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குழந்தைகள் நல மையம் ஒன்றை நடத்திய சால்வடார் மினுச்சின் இதில் பெயர் பெற்றவர். குடும்பத்தில் யார் யாருக்கு நடுவில், யாரை ஒட்டி உட்காருகிறார்கள் என்று கவனிப்பார். பிறகு இடத்தை மாற்றிவிட்டு, “இப்போது நீங்கள் இருவரும் நேராகப் பேசுங்கள்” என்பார். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால் மூன்றாவது ஆளை இழுத்துப் போட்டுக்கொள்வது மனித இயல்பு. மர்ரே போவென் என்ற மனநல மருத்துவர் இதை ‘முக்கோணம்’ என்றார். பேச்சு நின்றுபோன வீடுகளில் அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் பிள்ளைதான். “அப்பாகிட்ட கரண்ட் பில் கட்டச் சொல்லு”, “அம்மாவை சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு” என்று நாள் முழுக்கத் தூது போவான். அப்புறம், தான் பள்ளிக்குப் போய்விட்டால் வீட்டில் என்ன நடக்குமோ என்று அவனுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் அப்படித்தான் என்று இங்கிருந்தபடி என்னால் சொல்ல முடியாது. பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா, ஏதாவது பாடத்தைக் கண்டு பயமா என்பதையும் பார்க்க வேண்டும். அதற்காக மகனை ஆலோசகர் ஒருமுறை தனியாகச் சந்திக்கட்டும். தூது மட்டும் இன்றோடு நிற்கட்டும்.

கணவரை ஏன் கண்டிக்கவில்லை என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. ஆலோசகர் நாட்டாமை இல்லை, தீர்ப்புச் சொல்ல அவர் அங்கே உட்காரவில்லை. தனியாகப் போகும்போது பேச்சு உங்களைப் பற்றியது: உங்கள் பயம், எண்ணம், பழக்கம். தம்பதியாகப் போனால் ஆலோசகர் பார்ப்பது உங்களையோ கணவரையோ அல்ல, இருவருக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வரும் சண்டையை. ஒருவர் துருவித் துருவிக் கேட்பார், மற்றவர் வாயை மூடிக்கொள்வார். மௌனம் கூடக் கூடக் கேள்வியும் கூடும். இதில் யார் ஆரம்பித்தது என்று தேடினால் கல்யாண நாள் வரை போக வேண்டியிருக்கும். ஆலோசகர் எல்லோர் பக்கமும் முறைவைத்து நிற்பார். உங்கள் முறை வரும்போது அது உங்களுக்கே தெரியும். இரண்டு மூன்று முறை போன பிறகும் ஒருவர் பக்கமே சாய்கிறார் என்று பட்டால் அதையும் அந்த அறையிலேயே சொல்லுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கணவர் கை நீட்டுகிறாரா, மிரட்டுகிறாரா? நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அப்படி இருந்தால் மேலே சொன்ன சண்டைக் கணக்கெல்லாம் பொருந்தாது. அடிப்பது இருவர் தவறு ஆகாது. சேர்ந்து ஆலோசனைக்குப் போவதையும் நிறுத்துங்கள். அங்கே மனம்விட்டுச் சொன்னதற்கு வீட்டில் அடி விழும். தனியாகப் போய் ஆலோசகரிடம் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது.

இல்லையென்றால் கணவருக்கு வருவோம். குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறை நம் ஊருக்குப் புதிதல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் நோயாளியோடு வீட்டார் தங்குவது நெடுநாள் வழக்கம். கூடத் தங்கியவர்கள் யாரும் பைத்தியம் இல்லை. ஆனால் இந்த வரலாறு உங்கள் கணவரை அசைக்காது. “கவுன்சலிங் வந்தால் நீங்கள் திருந்துவீர்கள்” என்ற தொனி உங்கள் பேச்சில் இருந்தால் யாராக இருந்தாலும் வரமாட்டார்கள். “பையனைப் பற்றி நீங்கள் கவனித்ததையும் அவர் கேட்க வேண்டுமாம்” என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்கூட.

ஆலோசகரின் படிப்பையும் விசாரித்துக்கொள்ளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். மாத்திரை எழுத மனநல மருத்துவர்தான் வேண்டும். இரவில் மனம் தாங்காமல் போனால் 14416, டெலி மானஸ் எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

மாமியார் வந்தால் நல்லது. பெரும்பாலும் ஆலோசகர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று மூன்று தலைமுறையை வரைவார். உங்கள் கணவரின் அப்பா கோபம் வந்தால் என்ன செய்வார், அந்த வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்பதெல்லாம் மாமியாருக்குத்தான் தெரியும். ஒரே ஒரு முறை போதும் என்று சொல்லி அழையுங்கள். யாருமே வரவில்லையென்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டும் குடும்ப ஆலோசனை நடத்தலாம். கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான்.