கேளுங்க ஆச்சி, கேளுங்கண்ணே!

கேள்வி: எங்க ஐயா வீட்டுப் பெட்டகத்துல பம்மல் சம்பந்த முதலியாரோட 'மனோகரா' நாடகப் புஸ்தகம் கெடைச்சுச்சு. ஒரே மூச்சுல படிச்சுட்டு, 1954ல வந்த சிவாஜி படத்தையும் பாத்தேன். படம் நாடகத்தைத் தூக்கி நிறுத்துதா, இல்ல கெடுத்துருச்சா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ரெண்டும்தான் ஆச்சி. மேடைன்னாலே பாட்டுன்னு இருந்த காலத்துல, 1895ல, பம்மல் இதை வசன நாடகமா எழுதுனாரு. படத்துக்கு வசனம் கலைஞர், டைரக்‌ஷன் எல்.வி.பிரசாத். அடுக்குமொழி அடுக்குமொழியா வந்து விழுது, கேக்க சொகமாத்தான் இருக்கு, ஆனா ராஜாவும் அப்படித்தான் பேசுறாரு மகனும் அப்படித்தான் பேசுறான், பேசுறது யாருன்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், பேச்சை வச்சு முடியாது. புஸ்தகத்துல அந்தத் தொல்லை இல்ல.

எங்க அப்பத்தா இந்தப் படத்தைப் பாத்ததே இல்ல. கொப்புடையம்மன் திருவிழாவுக்கு மைக்செட்டுல வசன ரெக்கார்டு போடுவாங்களே, அதைத் திண்ணையில உக்காந்து கேட்டே, மனோகரன் அம்மாவா நடிச்ச கண்ணாம்பா பேசுறதை அப்படியே ஒப்பிக்கும். படத்தோட பெருமைன்னு நானும் ரொம்ப நாளா இதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்பத்தான் தோணுது, கண்ணை மூடிக்கிட்டே முழுசா வெளங்குற படத்துக்கு கேமரா எதுக்கு? பாதி நேரம் அது சபையில மொத வரிசையில டிக்கெட் வாங்குன ஆளு மாதிரி அசையாம நிக்கிது.

ஆனா அந்தச் சங்கிலிக் காட்சி! அம்மா பேச்சுக்குக் கட்டுப்பட்டு மகன் மனோகரன், அதான் சிவாஜி, அத்தனை அவமானத்தையும் தாங்கிக்கிட்டு நிக்கிறான், பாக்குற நமக்கே பல்லு நறநறங்குது, அப்ப கண்ணாம்பா "பொறுத்தது போதும், பொங்கி எழு"ன்னு சொல்றாங்க. நாலே வார்த்தை. அதுவரைக்கும் பக்கம் பக்கமா பேசுனதெல்லாம் இதுக்குக் கிட்ட வராது. சிவாஜி கண்ணும் கழுத்து நரம்பும் அப்ப என்ன பண்ணுதுன்னு பாருங்க, அது மைக்செட்டுல கேக்காது. ராஜாவை மயக்கி வச்சிருக்குற வசந்தசேனையா வர்ற டி.ஆர்.ராஜகுமாரியும் அப்படித்தான், வாயால ஒண்ணு சொல்லும்போதே பார்வை வேற சொல்லும். மேடையில பின்வரிசைக்காரனுக்கு இது கெடைக்காது பாருங்க, இதுலதான் சினிமா ஜெயிக்குது. இன்னும் ரெண்டு எடத்துல வசனத்தைக் கொறைச்சிருந்தா தேவலை.

வசந்தசேனை மகனா வர்ற காகா ராதாகிருஷ்ணனோட அசட்டு வசந்தன் எனக்குப் பிடிக்கும், சண்டைக்கு வராதீங்க.

கேள்வி: அப்ப பம்மல் நாடகத்துல சினிமாவாவே நல்லா வந்தது எதுண்ணே?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: 'சபாபதி', 1941. எடுத்தது நம்ம காரைக்குடி மெய்யப்பச் செட்டியாரு, ஊர்ப்பாசத்துல சொல்லலைங்க. எசமான் பேரும் சபாபதி, வேலைக்காரன் பேரும் சபாபதி, ரெண்டும் மக்கு. வேலைக்காரனா வர்ற காளி என்.ரத்னம் சொன்னதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கிட்டு ஒரு முழி முழிப்பாரு பாருங்க, அதை ரெக்கார்டுல போட்டா ஒண்ணும் கேக்காது.