ஊர் சுற்றுவதால்தான் கடனா?

கேள்வி: எனக்கு 27 வயது. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 48,000 ரூபாய் வருகிறது. வேளச்சேரியில் தோழிகள் இருவரோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். வாடகையில் என் பங்கு 11,000. ஊருக்கு 8,000 அனுப்புகிறேன். சாப்பாடு 6,500, பஸ், ரயில், போன், கரண்ட் எல்லாம் சேர்த்து 3,500. 14 மாதமாக வங்கியில் மாதம் 2,000 ஆர்.டி. போடுகிறேன்.

சனி, ஞாயிறு வந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. மாதம் ஒருமுறை புதுச்சேரியோ ஏலகிரியோ போவோம். மற்ற வாரங்களில் மாமல்லபுரம், ஒரு காபிக் கடை, ஞாயிறு மதியம் வீட்டில் உட்கார்ந்து குரோஷே பின்னுவது. இவற்றுக்கு மாதம் 11,000 ஆகிறது. ரூம், டிக்கெட் எல்லாம் என் கிரெடிட் கார்டில் போடுவேன், ஆஃபர் கிடைக்கும். தோழிகள் அவரவர் பங்கை ஜீபேயில் அனுப்பிவிடுவார்கள். இப்போது கார்டில் 46,000 பாக்கி நிற்கிறது. மாதம் 2,300 கட்டுகிறேன். சேமிப்புக் கணக்கில் 18,000 இருக்கிறது. ஊர் சுற்றுவதை நிறுத்திவிட்டு நகைச் சீட்டில் சேரச் சொல்கிறார் அப்பா. ஆபீஸில் நாலு பேர் என் குரோஷே பையை 700 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஆன்லைனில் விற்கலாமே என்கிறார்கள் தோழிகள். நான் என்ன செய்வது?

பதில்: வார இறுதியை நிறுத்த வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. வீட்டுக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறீர்கள். வாடகை பாக்கி இல்லை. 27 வயதில் 14 மாதம் விடாமல் ஆர்.டி. போட்டிருக்கிறீர்கள். இதையெல்லாம் செய்கிற ஒருவருக்கு இரண்டு நாள் ஓய்வு ஆடம்பரம் இல்லை. நிறுத்தினாலும் அது நிலைக்காது. இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாவது மாதம் இரண்டு மடங்கு செலவு செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த 46,000 எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

நீங்கள் சொன்ன செலவுகளைக் கூட்டிப் பாருங்கள். வாடகையில் தொடங்கி வார இறுதி வரை 42,000. கையில் 6,000 மிஞ்ச வேண்டும். கார்டுக்குக் கட்டும் 2,300 போக 3,700 இருக்க வேண்டும். அது எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. அப்புறம் அந்த ஜீபே பணம். எடுத்துக்காட்டாக, புதுச்சேரியில் இரண்டு இரவுக்கு 9,000 ரூபாய்க்கு ரூம் போடுகிறீர்கள். உங்கள் பங்கு 3,000. தோழிகள் இருவரும் ஆளுக்கு 3,000 அனுப்பிவிடுகிறார்கள். அந்த 6,000 சேமிப்புக் கணக்கில் வந்து விழுகிறது, சம்பளப் பணத்தோடு கலந்துவிடுகிறது. அடுத்த பத்து நாளில் காய்கறி, ஆட்டோ, நூல்கண்டு என்று கரைகிறது. பில் வரும்போது 9,000 முழுதாக நிற்கிறது. கட்டப் பணம் இல்லை, மினிமம் டியூ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறீர்கள். உங்கள் மனக்கணக்கில் அந்தப் பயணத்துக்கு 3,000தான் ஆனது. கார்டில் ஏறிய கடன் 9,000. தோழிகள் நேர்மையாகக் கொடுத்த பணத்துக்கும் சேர்த்து நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதில் ஊர் சுற்றியது குற்றமே இல்லை. பணம் வந்த வழி வேறு, கட்ட வேண்டிய இடம் வேறு என்று ஆகிவிட்டதுதான் சிக்கல். தோழிகளின் பங்கு வந்த அன்றே, அந்த மணியிலேயே, அதே தொகையைக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். பில் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார்டு ஆப்பில் எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். இன்னும் நல்லது, இந்தக் கடன் தீரும் வரை புக்கிங் பொறுப்பை வேறொரு தோழியிடம் கொடுத்துவிட்டு உங்கள் பங்கை மட்டும் அனுப்புவது. காரணத்தைச் சொல்லவே தயங்க வேண்டாம், நல்ல தோழிகள் புரிந்துகொள்வார்கள்.

மினிமம் டியூ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கார்டு நிலுவைக்கு மாதம் மூன்றரை சதவீத வட்டி என்பது இங்கே வழக்கமான ஒன்று. உங்கள் ஸ்டேட்மென்டில் சரியான விகிதம் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றரை என்றே வைத்தால் 46,000க்கு ஒரு மாத வட்டி 1,610 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. இரண்டும் சேர்த்து 1,900. நீங்கள் கட்டும் 2,300இல் அசலுக்குப் போவது வெறும் 400. அதோடு, பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அப்படி இருக்கும்போது ரூம் புக்கிங்கில் கிடைக்கும் ஐந்து, பத்து சதவீத ஆஃபருக்கு என்ன பொருள்? இன்றோடு அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். ஆர்.டி.யை முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதம் தருகிற இடத்தில் பணத்தைப் போட்டுக்கொண்டே, ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும் கடனை வைத்திருப்பதில் லாபம் இல்லை. இடையில் முடித்தால் வங்கி வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், பரவாயில்லை. 28,000க்குக் குறையாமல் கைக்கு வரும். அதை அப்படியே கார்டுக்குக் கட்டினால் பாக்கி 18,000. சேமிப்புக் கணக்கில் இருக்கும் 18,000ஐயும் போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். கையில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால், அடுத்த மாதம் ஊருக்கு அவசரமாகப் போக நேர்ந்தாலும் மறுபடி கார்டைத்தான் எடுப்பீர்கள்.

மீதி 18,000ஐ மாதச் சம்பளத்திலிருந்து அடைக்கலாம். ஆர்.டி.க்குப் போன 2,000, மினிமம் டியூ 2,300, எங்கே போகிறதென்று தெரியாத 3,700, ஆக மாதம் 8,000. வார இறுதிச் செலவில் கை வைக்காமலே மூன்றாவது மாதம் கடன் தீரும். வார இறுதிச் செலவையும் 11,000இலிருந்து 8,000 ஆக்கினால் இரண்டே மாதம்.

நான் 8,000தான் சொல்வேன். கடன் தீர்ந்த பிறகும், அடுத்த சம்பள உயர்வு வரை அதுவே இருக்கட்டும். 11,000 என்பது சம்பளத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. உங்கள் சாப்பாட்டுச் செலவைவிட மிக அதிகம். 8,000 என்றால் ஆறில் ஒரு பங்கு. இந்தச் சம்பளத்தில் அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

இதற்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காக இருக்கட்டும். சம்பளம் வந்த அன்று 8,000ஐ அங்கே மாற்றிவிட்டு, சனி ஞாயிறு செலவுக்கெல்லாம் அந்தக் கணக்கின் யுபிஐ மட்டும். பயணம், காபி, சினிமா, நூல், ஊசி எல்லாம் இதில்தான். தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்தது. மிஞ்சினால் அதை எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாத மிச்சம் சேர்ந்தால் மலைப் பக்கமோ கடலோரமோ ஒரு நல்ல பயணம் கடனில்லாமல் போய்விட்டு வரலாம்.

3,000 குறைந்தால் மகிழ்ச்சியும் குறையுமா? பயணங்களில் பணத்தைத் தின்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: வெள்ளிக்கிழமை இரவு கடைசி நேரத்தில் எடுக்கும் ஆம்னி பஸ் டிக்கெட், சனிக்கிழமை இரவு ரூம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாலேயே திறந்துவிடுகிறது. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலையேறலாம். தங்கும் பயணத்தை இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, நடுவில் போய் அன்றே திரும்பும் இடங்களைச் சேருங்கள். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் காஞ்சிபுரம். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலில் பறவைகள். வடக்கே போனால் பழவேற்காடு ஏரியும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும். கைவேலையில் ஆர்வமுள்ள உங்களுக்கு முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா ரொம்பப் பிடிக்கும். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்; கைவினைக் கலைஞர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை, உங்களுக்கு அது பிரச்சினை இல்லை.

அந்த 3,700க்கு வருகிறேன். கடந்த மூன்று மாத யுபிஐ பட்டியலை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், ஒரு மணி நேர வேலை. கைவேலை செய்கிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, இரவில் போனில் வாங்கிக் குவிக்கும் பொருள்தான். பின்னி முடிக்க ஆறு மாதம் ஆகும் அளவுக்கு நூல் அலமாரியில் இருக்கும். புதிதாக ஒரு நிறம் வந்ததும் அதையும் வாங்குவார்கள். உங்களிடமும் அப்படி இருந்தால், இருக்கும் நூலை முதலில் தீருங்கள். அப்புறம் ஆன்லைனில் இரண்டு இரண்டாக வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சவுகார்பேட்டை, பாரிமுனை பக்கம் போய் நூல், மணி, ஜிப், பைக்கான உள்துணி என்று மொத்தமாக வாங்குங்கள். அந்தத் தெருக்களில் ஒரு சனிக்கிழமை காலை நடப்பதே நல்ல பொழுதுபோக்கு.

விற்பனை விஷயத்தில் உங்கள் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு பைக்கு நூலும் உள்துணியும் ஜிப்பும் 300 ரூபாய் ஆகிறது, பின்ன ஏழு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 700க்கு விற்றால் மிச்சம் 400. மணிக்கு 57 ரூபாய். ஆன்லைனில் போட்டால் பேக்கிங், கூரியர், புகைப்படம், பதில் சொல்லும் நேரம், திரும்பி வரும் பை எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். இதில் வாழ்க்கை மாறாது. ஞாயிறு மதியம் மட்டும் போய்விடும். அந்த மதியத்தை வேலையாக்கிவிட்டால், இளைப்பாற நீங்கள் வேறெங்காவது செலவு செய்யப் போவீர்கள்.

ஆபீஸில் யாராவது கேட்டால் தாராளமாகச் செய்து கொடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்கிய பிறகே நூல் வாங்குங்கள். 700ஐ 1,000 ஆக்கிப் பாருங்கள். அந்த விலைக்கும் ஆள் வந்தால் அப்போது யோசிக்கலாம். வரியைப் பற்றி இப்போது பயப்பட ஒன்றுமில்லை. புதிய வரி முறையில், 2025-26 நிதியாண்டுக் கணக்குப்படி, 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு. ஆனால் விற்பனை வருமானம் தொடர்ந்து வந்தால் வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கு ஐடிஆர்-1 படிவம் செல்லாது, ஐடிஆர்-4 போட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் ஆடிட்டர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் தீர்ந்த பிறகு மாதம் 11,000 உங்கள் கையில் நிற்கும். உங்கள் கட்டாயச் செலவு 29,000. மூன்று மாதத்துக்கு 87,000 அவசர நிதியாக வேண்டும். 18,000 இருக்கிறது. மாதம் 7,000 ஒதுக்கினால் பத்து மாதத்தில் சேர்ந்துவிடும். வங்கியில் எஃப்.டி.யாகவே வையுங்கள், பங்குச் சந்தைக்கு இது போகக் கூடாது. சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடும் எடுங்கள். கம்பெனி கொடுக்கும் காப்பீடு வேலையை விட்டதும் போய்விடும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. இந்த வயதில் உடம்பில் பெரிய குறை எதுவும் இல்லாதபோது எடுப்பதுதான் சுலபம்.

அப்பாவின் யோசனையைத் தள்ளிவிடாதீர்கள். மகள் பெயரில் நாலு பவுன் இருக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயமே. ஆனால் நகைக் கடைச் சேமிப்புத் திட்டத்தில் 11 மாதம் கட்டி முடித்ததும் அந்தக் கடையிலேயே நகை வாங்க வேண்டும், செய்கூலி, சேதாரம் வேறு. வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் காப்பீட்டுப் பாதுகாப்பும் அதற்குக் கிடையாது. கார்டு கடன் தீரும் வரை இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் மாதம் 2,000ஐ அவர் விருப்பப்படி தங்கத்துக்காக ஒதுக்குங்கள், வங்கியில் ஆர்.டி.யாகச் சேர்த்து, ஆண்டு முடிவில் அவரையே கூட அழைத்துப் போய் நாணயமாக வாங்கலாம், சேதாரம் மிச்சம். கார்டு பாக்கியைப் பற்றி அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆர்.டி.யை முடித்த அன்று அதைச் சொல்லிவிடுங்கள், 46,000 இருந்தது, இப்போது 18,000, இன்ன மாதத்தில் தீரும் என்று தேதியோடு.