சராசரிச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: பிசியாலஜியும் பேத்தாலஜியும் சேர்ந்த இளநிலைப் பட்டப்படிப்புக்கு எனக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் செலவு மற்றதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் அங்கே படித்தவர்களின் சராசரிச் சம்பளம் மிக அதிகம் என்கிறார்கள். கடன் வாங்கித்தான் சேர முடியும். உடம்பு எப்படி இயங்குகிறது, ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. போட்ட பணம் திரும்புமா?

பதில்: முதலில் இந்தப் பட்டம் உங்களை எதுவரை கொண்டுபோய் விடும் என்று பார்த்துவிடுவோம். நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எங்களிடம் வரும் பயாப்சித் துண்டை, அதாவது பரிசோதனைக்காக உடம்பிலிருந்து எடுத்த சிறு திசுவை, பார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) கனத்துக்குச் சீவுவோம். அந்தச் சீவலை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்தி எடுக்கவேண்டும். சாயம் ஏற்றியதும் உயிரணுவின் உட்கரு ஊதா நிறத்திலும் சுற்றியுள்ள பகுதி இளஞ்சிவப்பிலும் தெரியும். இவ்வளவும் டெக்னாலஜிஸ்ட் வேலை. அதைப் பார்த்து இன்ன நோய் என்று கையெழுத்துப் போடுபவர் பேத்தாலஜிஸ்ட். அவர் மருத்துவம் முடித்து, அதற்கு மேலும் பல வருடம் பயிற்சி பெற்ற டாக்டர்.

உங்கள் பட்டத்தின் பெயரில் பேத்தாலஜி இருப்பதால் மட்டும் அந்தக் கையெழுத்து உரிமை வராது. டெக்னாலஜிஸ்ட் வேலைக்கே பல நாடுகளில் தனிப் பயிற்சியும் பதிவும் கேட்கிறார்கள். பட்டத்தோடு நேராகக் கிடைப்பவை ஆராய்ச்சி உதவியாளர், மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பு, மருத்துவக் கருவி விற்பனை போன்றவை. நல்ல வேலைகள்தான். ஆனால் ஆரம்பச் சம்பளம் பெரும்பாலும் நடுத்தரம். பெரிய வருமானம் மேற்படிப்புக்கு அப்புறம்தான்.

சரி, அந்தச் சராசரிக்கு வருவோம். பத்துப் பேர் படித்தார்கள், ஒன்பது பேருக்குச் சம்பளம் 20, மருத்துவம் படிக்கப் போன ஒருவருக்கு 120 என்று வையுங்கள். சராசரி 30 வரும். ஆனால் அந்த 30ஐ வாங்குபவர் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை! அதனால் எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள். படிப்பு முடிந்து எத்தனையாவது வருடத்தில் எடுத்த கணக்கு, மேற்படிப்புக்குப் போனவர்களைச் சேர்த்தார்களா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அந்தப் பெரிய எண்ணை மறந்துவிடுங்கள்.

கடன் கணக்கு இன்னும் முக்கியம். 10 சதவீத வட்டியில் 100 வாங்கி, 10 வருடத்தில் மாதத் தவணையாகக் கட்டினால் மொத்தம் 158க்கு மேல் போகும். படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறினால் அது தனி. மேற்படிப்பு என்று தவணையைத் தள்ளிப்போட்டு ஒன்றும் கட்டாமல் விட்டால், கூட்டு வட்டியில் ஏழு வருடத்துக்குச் சற்று மேல் கடன் இரட்டிப்பாகிவிடும். உங்கள் பாதை நீளமானது என்பதால் இதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. படிக்கும் வருடங்களில் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் முழுச் சம்பளத்தை எழுதாதீர்கள். பட்டம் இல்லாமலே கிடைத்திருக்கும் சம்பளத்தைவிட எவ்வளவு கூடுதலோ, அதை மட்டும் எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், குறைந்த செலவுக் கல்லூரியில் சேருங்கள். மிச்சமாகும் பணமும் கடன் வாங்கும் தெம்பும் மேற்படிப்புக்கு வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: அதிகம் கேட்கும் கல்லூரியில் மருத்துவமனைப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே சேர்ந்து, முடித்ததும் டெக்னாலஜிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமென்றால் அந்தக் கூடுதல் செலவுக்கு அர்த்தம் உண்டு. அதைக் கல்லூரி சொன்னால் போதாது, பதிவு கொடுக்கும் அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இருந்தால் மறுபடி எழுதுங்கள், இரண்டு கல்லூரியின் கட்டண விவரத்தோடு. சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.