விலையைக் குறைக்க வேண்டாம் சார்

எட்டு பேரை வைத்து கிளீனிங் வேலை எடுக்கிறீர்கள், மூன்று அலுவலகங்களுக்கு கொட்டேஷன் அனுப்பியும் பதில் இல்லை, விலையைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறைக்காதீர்கள். மெயிலோடு நிற்காமல் நேரில் போய் இடத்தைப் பாருங்கள். ஒரு கிளினிக்கில் குழாயடியில் படிந்திருந்த உப்புக்கறையை அங்கேயே தேய்த்துக் காட்டினேன். மேனேஜர் விரலால் தடவிப் பார்த்தார், மறுநாளே கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம், இந்த ஆர்டர் கிடைத்தால் ஆள் கூடும் இல்லையா? பத்து பேர் ஆனதும் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வரும், உங்கள் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம். 20 பேர் என்றால் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதியும் வரும். இப்போதே விலையில் சேர்த்துவிடுங்கள். பில் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆட்களுக்குக் கொடுக்க இரண்டு மாதச் சம்பளம் கையில் இல்லாமல் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.